என்.பி.ஏ.வில் ஆடாத கைல் ஹைன்ஸ்: ஒரு வெளிநாட்டு ஆட்ட வாழ்க்கை

கேள்வி: என்.பி.ஏ. என்ற அமெரிக்க லீக்கின் அணிகள் ஆண்டுதோறும் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் யாரும் எடுக்காத அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஐரோப்பாவுக்குப் போய் ஆடுகிறார் என்றால், அவர் தோற்றுப்போனவர் என்றுதானே பொருள்? அங்கே சம்பளம், வாழ்க்கை எல்லாம் எப்படி இருக்கும்?

பதில்:

அப்படிப் பொருள் இல்லை. இதற்கு என்னிடம் இருக்கும் விடை ஒரு மனிதரின் பெயர்: கைல் ஹைன்ஸ். என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றில்கூட அவர் களமிறங்கியதில்லை. ஆனால் ஐரோப்பாவின் உச்சப் போட்டியான யூரோலீக்கை நான்கு முறை வென்றவர். 2000க்குப் பிந்தைய யூரோலீக் காலத்தில் அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் அமெரிக்கர். 2012 முதல் 2019 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் அவர் இருந்த அணி கடைசி நான்கு அணிகளுக்குள் நின்றது. யூரோலீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை 2016, 2018, 2022 என மூன்று முறை பெற்றார். இந்த மனிதரைத் தோற்றவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முதலில், அவரை ஏன் யாரும் எடுக்கவில்லை என்று பார்க்க வேண்டும். நியூ ஜெர்சியில், ஃபிலடெல்ஃபியாவுக்கு அருகே உள்ள சிக்லர்வில் அவருடைய ஊர். 2004 முதல் 2008 வரை நார்த் கரோலினா பல்கலைக்கழகத்தின் கிரீன்ஸ்பரோ வளாக அணிக்கு ஆடினார். மைக்கேல் ஜோர்டன் படித்த சேப்பல் ஹில் வளாகம் அல்ல இது; தொலைக்காட்சிக் கேமராக்கள் அதிகம் எட்டிப் பார்க்காத சிறிய அணி. அங்கே நான்கு ஆண்டுகளில் 2000 புள்ளி, 1000 ரீபவுண்ட் (தவறிய எறிவில் துள்ளும் பந்தைப் பிடிப்பது), 300 பிளாக் (எதிராளியின் எறிவைத் தடுப்பது) ஆகிய மூன்று எல்லைகளையும் கடந்தார். அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் இந்த மூன்றையும் சேர்த்துக் கடந்தவர்கள் மிகச் சிலர்தான். டேவிட் ராபின்சன், டிம் டங்கன், அலொன்சோ மோர்னிங் அந்த வரிசையில் இருக்கிறார்கள். மூவருமே டிராஃப்டில் முதல் இரண்டு இடங்களுக்குள் எடுக்கப்பட்டவர்கள். 2008 டிராஃப்டில் 60 பெயர்கள் வாசிக்கப்பட்டன. ஹைன்ஸ் பெயர் வரவில்லை.

காரணம் உயரம். ஹைன்ஸ் 1.98 மீட்டர். தெருவில் நடந்தால் எல்லோரும் திரும்பிப் பார்க்கும் உயரம்தான், ஆனால் கூடைக்கு அடியில் நிற்கும் சென்டருக்கு அன்றைய என்.பி.ஏ. எதிர்பார்த்தது 2.08 மீட்டர், 2.13 மீட்டர். உயரம் குறைந்தவர் வெளியே நின்று மூன்று புள்ளி எறிபவராக இருந்தால் வேறு இடத்தில் பொருத்திப் பார்ப்பார்கள். ஹைன்ஸ் எறிபவர் அல்ல, கூடைக்கு அடியில் ஆடுகிறவர். அந்த அளவுகோலில் அவருக்கு இடமே இல்லை.

அவர் போன இடம் வெரோலி. ரோமுக்குத் தென்கிழக்கே, ஃப்ரோசினோனே மாவட்டத்தில், இருபதாயிரம் பேர் அளவில் வாழும் மலை ஊர். அந்த ஊர் அணி இத்தாலியின் இரண்டாம் நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்தது. வெளிநாடு போகும் அமெரிக்கர்களில் பெரும்பாலோர் இப்படித்தான் தொடங்குகிறார்கள், பெயரே கேள்விப்படாத ஊரில். கல்லூரியில் நான்கு ஆண்டுகள் வளர நேரம் கொடுப்பார்கள். இங்கே கொடுக்க மாட்டார்கள். வெளிநாட்டு வீரர்களுக்கான இடங்கள் ஒவ்வோர் அணியிலும் சிலவே. அதில் ஒன்றில் நீங்கள் உட்கார்ந்திருந்தால், வந்த முதல் வாரத்திலிருந்தே நீங்கள்தான் ஆட்டத்தை வென்று தரவேண்டும். நான்கைந்து ஆட்டம் சரியில்லை என்றால் ஏஜென்டுக்கு அழைப்பு போகும், அடுத்த விமானத்தில் வேறொரு அமெரிக்கர் வந்து இறங்குவார். உள்ளூர் இளைஞனுக்குக் கிடைக்கும் பொறுமை அங்கே வெளிநாட்டுக்காரருக்குக் கிடைப்பதில்லை. ஹைன்ஸ் அந்த நிலையில் இரண்டு ஆண்டுகள் தாக்குப்பிடித்தார், இரண்டு ஆண்டுகளும் அந்த லீக்கின் கோப்பையை வெரோலிக்கு வென்று தந்தார்.

2010இல் ஜெர்மனியின் பாம்பெர்க். அங்கே ஒரே பருவத்தில் லீக் பட்டமும் ஜெர்மன் கோப்பையும் கிடைத்தன; இறுதித்தொடரின் சிறந்த வீரர் ஹைன்ஸ். யூரோலீக் என்ற மேடையை அவர் முதலில் கண்டதும் பாம்பெர்க் சீருடையில்தான். அவர் போன மறு ஆண்டு அதே பாம்பெர்க்கில் இறுதித்தொடரின் சிறந்த வீரரானவர் பி.ஜே. டக்கர். அவருடைய பாதையையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2006 டிராஃப்டில் என்.பி.ஏ.வின் டொராண்டோ அணி அவரை இரண்டாம் சுற்றில் எடுத்தது, சீக்கிரமே கைவிட்டது. இஸ்ரேல், உக்ரைன், கிரீஸ், ஜெர்மனி என்று ஐந்து ஆண்டுகள் சுற்றினார். 2012இல் ஃபீனிக்ஸ் கூப்பிட்டது, திரும்பிப் போனார், 2021இல் மில்வாக்கி அணியோடு என்.பி.ஏ. பட்டமே வென்றார். ஒரே ஊர், ஒரே விருது, அடுத்தடுத்த ஆண்டுகள். ஒருவர் அமெரிக்காவுக்குத் திரும்பினார், ஒருவர் ஐரோப்பாவில் தங்கினார். டக்கரும் கூடைக்கு அடியில் வளர்ந்தவர்தான், ஆனால் களத்தின் மூலையில் நின்று மூன்று புள்ளி எறியக் கற்றுக்கொண்டார்; என்.பி.ஏ.வுக்கு அப்போது அது தேவைப்பட்டது. ஹைன்ஸிடம் இருந்தது ஐரோப்பாவுக்குத் தேவைப்பட்டது. இதில் யார் பெரியவர் என்ற கேள்வியே எனக்குத் தவறாகப் படுகிறது.

2011 கோடையில் ஹைன்ஸ் கிரீஸின் ஒலிம்பியாகோஸ் அணிக்குப் போனார். கிரீஸ் அப்போது கடன் நெருக்கடியில் மூழ்கிக் கொண்டிருந்தது. அணியின் உரிமையாளர்கள் செலவை வெட்டினார்கள். முந்தைய ஆண்டின் நட்சத்திரங்களில் பலர் வெளியேறினார்கள். மிலோஸ் தியோடோசிச் ரஷ்யாவின் சி.எஸ்.கே.ஏ. மாஸ்கோவுக்குப் போய்விட்டார். மிஞ்சியது வாசிலிஸ் ஸ்பனூலிஸ் என்ற ஒரு பெரிய கார்டு (பந்தை ஓட்டி ஆட்டத்தை நடத்துபவர்), சில கிரேக்க இளைஞர்கள், பெரிய விலை இல்லாத சில அமெரிக்கர்கள். ஸ்பனூலிஸ் கதை ஹைன்ஸ் கதைக்கு நேர் எதிர்: ஹூஸ்டனில் ஒரு பருவம் என்.பி.ஏ.வைப் பார்த்துவிட்டு, அது தனக்கானதல்ல என்று வீடு திரும்பியவர். பயிற்சியாளர் துஷான் இவ்கோவிச். அந்த அணி யூரோலீக்கை வெல்லும் என்று பருவத் தொடக்கத்தில் எதிர்பார்த்தவர்கள் அரிது.

2012 மே 13, இஸ்தான்புல், இறுதி ஆட்டம். எதிரே சி.எஸ்.கே.ஏ. உரிமையாளர்-வீரர் தகராறில் என்.பி.ஏ. பூட்டிக்கிடந்த மாதங்களில் ஊர் வந்து அப்படியே தங்கிவிட்ட ஆந்த்ரே கிரிலென்கோ, உடன் கிர்ஸ்டிச், க்ரியாபா, தியோடோசிச். மூன்றாம் கால்பகுதியில் சி.எஸ்.கே.ஏ. 53-34 என்று 19 புள்ளி முன்னால். யூரோலீக் ஆட்டம் 40 நிமிடம்தான், என்.பி.ஏ. போல 48 அல்ல. புள்ளிகள் மெதுவாக ஏறும் ஆட்டத்தில் 19 என்பது மலை. அங்கிருந்து ஒலிம்பியாகோஸ் தடுப்பாட்டத்தால் ஏறி வந்தது. கடைசி நொடிகளில் 61-60, சி.எஸ்.கே.ஏ. ஒரு புள்ளி முன்னால். சி.எஸ்.கே.ஏ.வின் ஷிஷ்கவுஸ்காஸ் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் (தடுப்பாரின்றி எறியும் தண்டனை எறிவு) தவறவிட்டார். ஸ்பனூலிஸ் பந்தை ஓட்டிக்கொண்டு வந்தார், இருவர் அவரைச் சூழ, உள்ளே நின்ற யோர்கோஸ் பிரிண்டெசிஸுக்குத் தள்ளினார். பிரிண்டெசிஸ் ஒரு கையால் மிதக்கவிட்ட பந்து, 0.7 நொடி மீதி இருக்க, கூடையில் விழுந்தது. 62-61.

மறு ஆண்டு லண்டனில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிரான இறுதியில் முதல் கால்பகுதி முடிவில் ஒலிம்பியாகோஸ் 10-27 என்று பின்தங்கி இருந்தது. முடிவு 100-88, ஒலிம்பியாகோஸுக்கு. அடுத்தடுத்து இரண்டு கோப்பை. வெரோலியை விட்டு மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

இந்த இரண்டு வெற்றியிலும் ஹைன்ஸ் அதிகம் புள்ளி எடுத்தவர் இல்லை. அவருடைய வேலை வேறு. அதை விளக்காமல் இந்தப் பதில் முழுமையாகாது. ஐரோப்பிய ஆட்டத்தின் அடிப்படைத் தாக்குதல் பிக் அண்ட் ரோல். பந்தை வைத்திருக்கும் கார்டுக்கு உயரமான ஆள் ஒருவர் வந்து திரை போடுவார். கார்டைக் காவல் காப்பவர் அந்தத் திரையில் மோதித் தாமதமாவார். அந்த அரை நொடியில் கார்டு உள்ளே புகுவார் அல்லது எறிவார். இதைத் தடுக்க எளிய வழி, காவலர்கள் இருவரும் ஆளை மாற்றிக்கொள்வது. ஆனால் மாற்றிக்கொண்டால் 2.13 மீட்டர் சென்டர் ஒருவர் சுழன்று ஓடும் கார்டின் முன்னால் தனியாக நிற்க நேரும், கார்டு அவரை எளிதில் தாண்டிவிடுவார். ஹைன்ஸ் தாண்டவிடமாட்டார். பக்கவாட்டில் கார்டு போலவே நகர்வார், இடுப்பு தாழ்வாக, கைகள் விரிந்து. மாற்றத்துக்குப் பிறகு மறுபக்கம் எதிரணியின் உயரமான ஆள் அவரிடம் வந்து சாய்ந்து தள்ளினாலும் அசையமாட்டார். கீழிருந்து முட்டுக்கொடுக்கும் பலம் அவருக்கு இருந்தது. பழைய ஆட்ட ஒளிப்பதிவு கிடைத்தால் பந்தை விட்டுவிட்டு அவருடைய கால்களை மட்டும் ஐந்து நிமிடம் பாருங்கள். வீரர்களைத் தேடி மதிப்பிடும் என்.பி.ஏ. ஆட்கள் குறை என்று எழுதிய அதே உயரம் இங்கே கருவியாக வேலை செய்வது தெரியும்.

விதிகளும் துணை நின்றன. என்.பி.ஏ.வில் தடுப்பவர் யாரையும் காக்காமல் கூடைக்கு முன் உள்ள கட்டத்தில் மூன்று நொடிக்கு மேல் நிற்கக்கூடாது. உலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபீபா விதிகளில் அந்தத் தடை இல்லை. அதனால் ஐரோப்பாவில் கட்டம் எப்போதும் நெரிசலாக இருக்கும், தனியாளாகப் பாய்ந்து புள்ளி எடுப்பது கடினம். மூன்று புள்ளிக் கோடும் 6.75 மீட்டரில், என்.பி.ஏ.வின் 7.24ஐவிட உள்ளே. வளையத்தில் பட்டுத் துள்ளும் பந்தை யாரும் தட்டிவிடலாம். ஐந்து ஃபவுலில் வெளியேற்றம். எல்லாம் சேர்ந்து, அதிகம் குதிப்பவரைவிட ஒரு கணம் முன்னதாகக் கணிப்பவருக்குச் சாதகமான ஆட்டம் அது. அமெரிக்காவிலிருந்து வரும் பல நல்ல எறிஞர்கள் முதல் ஆண்டில் திணறுவது இதனால்தான். திறமை குறைவல்ல, ஆட்டமே வேறு.

2013இல் ஹைன்ஸ் சி.எஸ்.கே.ஏ.வுக்குப் போனார், இஸ்தான்புல்லில் தான் வீழ்த்திய அதே அணிக்கு. ஏழு பருவங்கள். முதல் இரண்டும் கசப்பானவை: 2014 அரையிறுதியில் மக்காபி டெல் அவீவிடம் 67-68, 2015 அரையிறுதியில் பழைய ஒலிம்பியாகோஸிடமே 68-70. பின் 2016இல் பெர்லினில் ஃபெனர்பாச்சேயை கூடுதல் நேரத்தில் 101-96, 2019இல் விட்டோரியாவில் அனடோலு எஃபெஸை 91-83. அந்த ஏழு ஆண்டுகளில் யூரோலீக் முழுமையாக நடந்த ஆறிலும் சி.எஸ்.கே.ஏ. கடைசி நான்கில் இருந்தது. ஏழாவது, 2019-20, கொரோனாவால் ரத்தானது. ஆள்கள் மாறினார்கள், பயிற்சியாளர் மெஸ்ஸினா போய் இடூடிஸ் வந்தார், ஹைன்ஸ் அதே இடத்தில் நின்றார். வெளிநாட்டு வீரர் ஒரே அணியில் ஏழு ஆண்டு என்பது ஐரோப்பாவில் அபூர்வம். பெரும்பாலான ஒப்பந்தங்கள் ஓராண்டுக்கு.

சி.எஸ்.கே.ஏ.வில் அவருக்கு முன் இன்னோர் அமெரிக்கர் அதைவிட நீண்ட காலம் இருந்தார்: ஜே.ஆர். ஹோல்டன், 2002 முதல் 2011 வரை. அவரும் டிராஃப்டில் எடுக்கப்படாதவரே. லாட்வியா, பெல்ஜியம், கிரீஸ் வழியாக மாஸ்கோ சேர்ந்தவர். 2003இல் ரஷ்யக் குடியுரிமை கிடைத்தது. 2007 ஐரோப்பிய சாம்பியன்ஷிப் இறுதியில், மாட்ரிட்டில், ஸ்பெயினின் சொந்த மண்ணில், ரஷ்யச் சீருடையில் கடைசி நொடிகளில் அவர் எறிந்த பந்துதான் 60-59 என்ற வெற்றியைத் தந்தது. குடியுரிமை இங்கே நடைமுறைக் காரணத்தாலும் பெரிய விஷயம். யூரோலீக்கில் நாட்டு வரம்பு கிடையாது, ஆனால் அந்தந்த நாட்டு லீக்குகளில் வெளிநாட்டவர் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. பெரிய அணியில் இருக்கும் அமெரிக்கர் வியாழக்கிழமை யூரோலீக் ஆடுவார், ஞாயிற்றுக்கிழமை உள்ளூர் லீக்கில் வரம்பு காரணமாக சாதாரண உடையில் பெஞ்சுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். இரண்டாவது கடவுச்சீட்டு உள்ளவருக்குச் சந்தை மதிப்பே ஒரு படி கூடிவிடும்.

2020இல் ஹைன்ஸ் மிலானுக்குப் போனார். அமெரிக்கர்களுக்கு மிலான் பழைய வீடு. பில் பிராட்லி ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டே 1965-66இல் மிலானுக்கு ஆடி, யூரோலீக்கின் முன்னோடியான ஐரோப்பியக் கோப்பையை வென்றார். பின்னர் நியூயார்க் நிக்ஸில் இரண்டு பட்டம், அதன் பிறகு அமெரிக்க செனட்டர். என்.பி.ஏ.வின் சிறந்த வீரராக ஒருமுறை தேர்வான பாப் மக்காடூ 1987, 1988 இரண்டிலும் மிலானோடு அதே கோப்பையை வென்றார். அங்கே மீண்டும் மெஸ்ஸினாவின் கீழ் ஹைன்ஸ் நான்கு பருவம் ஆடினார். முதல் ஆண்டே அணி யூரோலீக்கின் கடைசி நான்கை எட்டியது. 2022, 2023, 2024 என மூன்று இத்தாலிய லீக் பட்டங்கள், மூன்றும் போலோன்யாவின் விர்டுஸ் அணியை இறுதியில் வென்று. மூன்றாவதோடு, 37 வயதில், ஓய்வு.

இனி பணம். யூரோலீக் அளவிலான ஒப்பந்தங்களில் தொகையை வரி போகக் கைக்கு வரும் கணக்கில் எழுதுவது வழக்கம். வரியை அணி கட்டும். வீடு, கார், குடும்பத்துக்கு விமானச் சீட்டு, பெரும்பாலும் ஏஜென்ட் கட்டணமும் அணியின் பொறுப்பு. மேல்மட்டத்தில் ஆண்டுக்குப் பத்து லட்சம் யூரோவைத் தாண்டும் ஆட்கள் உண்டு. ஒரு என்.பி.ஏ. அணியின் பதினைந்தாவது ஆளாக உட்கார்ந்திருப்பவரின் சம்பளத்தோடு ஒப்பிட்டால் அது குறைவாக இல்லாமலும் போகலாம். வரி, வாடகை கழித்துப் பார்க்க வேண்டும். ஆனால் அது உச்சி. கீழே இறங்கினால், இரண்டாம் நிலை லீக்குகளில் மாதம் சில ஆயிரம் டாலர், அதுவும் பருவம் நடக்கும் மாதங்களுக்கு மட்டும். வெளிநாடு போகும் அமெரிக்கர்களில் அதிகம் பேர் இந்தக் கீழ்ப்படியில்தான் இருக்கிறார்கள் என்பதை மறைக்க மாட்டேன்.

பெண்கள் விஷயத்தில் உங்கள் கேள்வியே தலைகீழாகிவிடும். அமெரிக்கப் பெண்கள் லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வின் உச்ச நட்சத்திரங்களுக்கே நீண்ட காலம் முதன்மை வருமானம் ரஷ்யாவிலும் துருக்கியிலும் சீனாவிலும் இருந்தது. டயானா டாராசி 2015இல் டபிள்யூ.என்.பி.ஏ. பருவத்தையே ஆடாமல் விட்டார். அவருடைய ரஷ்ய அணியான யெகாதரின்பர்க், ஓய்வெடுத்துக்கொள்ளச் சொல்லி அவருடைய அமெரிக்கச் சம்பளத்தைவிட அதிகம் கொடுத்தது. அதே யெகாதரின்பர்க் அணிக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோதுதான் 2022 பிப்ரவரியில் பிரிட்னி கிரைனர் மாஸ்கோ விமான நிலையத்தில் கைதானார். டிசம்பரில் கைதிப் பரிமாற்றத்தில்தான் வெளியே வந்தார். தன் நாட்டில் தகுந்த சம்பளம் இருந்திருந்தால் அவர் குளிர்காலத்தில் அந்த விமானத்தில் ஏறியிருக்க வேண்டிய தேவையே இருந்திருக்காது என்பது என் கருத்து. கிரைனர் கைதான அந்தப் பிப்ரவரி இறுதியில், உக்ரைன் படையெடுப்பை அடுத்து யூரோலீக் ரஷ்ய அணிகளை நிறுத்திவைத்தது, சி.எஸ்.கே.ஏ.வில் இருந்த அமெரிக்கர்கள் பருவத்தின் நடுவே பெட்டி கட்டினார்கள்.

கீழ்மட்டத்தில் இன்னும் அன்றாடமான ஆபத்து, சம்பளம் வராமல் போவது. ஸ்பான்சர் விலகினால், அணி பட்டியலில் சரிந்தால், மூன்று மாதச் சம்பளம் பாக்கி என்பது பல நாடுகளில் கேள்விப்படும் கதை. வீரர் வெளிநாட்டுக்காரர், மொழி தெரியாது, வழக்குப் போட்டுக் காத்திருக்க முடியாது. இதற்காகவே ஃபீபா 2007இல் ஒரு நடுவர் மன்றத்தை உருவாக்கியது. அதன் இருப்பிடம் ஜெனீவா, விசாரணை ஆங்கிலத்தில், பெரும்பாலும் எழுத்து வழியாகவே. எந்த நாட்டுச் சட்டம் என்று சிக்கிக்கொள்ளாமல் நியாயத்தின் அடிப்படையில் தீர்ப்பு சொல்வார்கள். தீர்ப்புப்படி பணம் தராத அணி புதிய வீரர்களைப் பதிவு செய்ய ஃபீபா தடை போடலாம். அணிகள் உண்மையில் அஞ்சுவது இந்தத் தடைக்குத்தான். ஆனால் தகராறு வந்தால் அந்த மன்றத்துக்குப் போகலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தால்தான் அதன் கதவு திறக்கும். உங்களுக்குத் தெரிந்த யாராவது இப்படி வெளிநாடு போகிறார் என்றால், சம்பள எண்ணுக்கு முன்னால் அந்தப் பிரிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் பாக்கிக்கு அலைய வேண்டியது அந்த ஊர் நீதிமன்றத்தில்தான்.